ப்ளெட்டில் இறங்காதீர்கள்: கூட்டமில்லாத ஐரோப்பாவுக்குச் சொந்தமாகப் போய்வர ஒரு வழிகாட்டி

முதல்முறை ஐரோப்பா போகும் நம்மவர்கள் பெரும்பாலும் ஒரே வட்டத்தைச் சுற்றிவிட்டு வருகிறார்கள். பாரிஸ், ஸ்விட்சர்லாந்து, வெனிஸ், ரோம். பேக்கேஜ் டூரில் போனாலும் அதுதான், சொந்தமாகத் திட்டம் போட்டாலும் அதுதான். அந்த ஊர்களின் அழகில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் வெனிஸ் 2024 முதல், நெரிசலான நாட்களில் காலையில் வந்து மாலையில் திரும்புகிறவர்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்குகிறது. அதே ஆண்டு பார்சிலோனாவில் உள்ளூர் மக்கள் சுற்றுலா நெரிசலை எதிர்த்து ஊர்வலம் போனார்கள். சில லட்சம் ரூபாய் செலவு செய்து போய், பாதி நாளை வரிசையில் கழிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கூட்டமில்லாத இடத்தைக் கண்டுபிடிக்க ரகசியப் பட்டியல் எதுவும் வேண்டாம். புகழ்பெற்ற ஓர் ஊருக்குப் போகும் கிளைப்பாதை ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் இறங்கும் நிலையத்தில் இறங்காமல் இன்னும் அரை மணி, முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருங்கள். இறங்கிய ஊரில் மூன்று நான்கு இரவு தங்குங்கள். முறை இவ்வளவுதான். ஆனால் விசா, கால அட்டவணை, ஞாயிற்றுக்கிழமை, சாப்பாடு என்று இடையில் தடுக்கி விழச் சில இடங்கள் உண்டு. ஸ்லோவேனியாவின் போஹின் ரயில் பாதையை எடுத்துக்கொண்டு, அவற்றை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஏன் இந்தப் பாதை

ஸ்லோவேனியா சின்ன நாடு. தலைநகர் லியுப்லியானா. நாணயம் யூரோ. குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். உலகமே படம் பிடிக்கும் இடம் ப்ளெட் ஏரி; நடுவில் தீவு, தீவில் தேவாலயம், மேலே பாறையில் கோட்டை. ஜூலை, ஆகஸ்டில் அந்த ஏரிக்கரையில் நடக்க இடம் இருக்காது.

ப்ளெட் ஏரிக்கு மேற்கே, கரையை ஒட்டிய சரிவில் ஒரு சிறிய நிலையம் இருக்கிறது. யெசெனிட்சே என்ற ஊரிலிருந்து கிளம்பி, அந்த நிலையத்தில் நின்று, ஆல்ப்ஸ் மலையைக் குடைந்துகொண்டு தெற்கே இறங்குகிறது போஹின் பாதை. ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு தன் துறைமுகமான ட்ரியெஸ்தேயை உள்நாட்டோடு இணைக்கப் போட்ட பாதை இது, 1906-ல் திறந்தார்கள். இன்று ஒன்றிரண்டு பெட்டிகளோடு உள்ளூர் ரயில்தான் ஓடுகிறது. ப்ளெட்டுக்கு அடுத்து போஹின் ஏரி, மலைக்கு அப்பால் சோச்சா நதிப் பள்ளத்தாக்கு, கடைசியில் இத்தாலி எல்லை. ஒரு வாரத்துக்கு இது தாராளம்.

எப்போது போவது

மே கடைசி முதல் ஜூன் வரை, அல்லது செப்டம்பர். என்னைக் கேட்டால் செப்டம்பர் முதல் மூன்று வாரம். பள்ளிகள் திறந்துவிடும், பகல் இன்னும் நீளமாக இருக்கும், உயரமான இடங்களில் பனி இருக்காது. ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள்: மலைப் பள்ளத்தாக்குகளுக்குள் போகும் சில பேருந்துகள் கோடைக்கு மட்டும் விடப்படுபவை. சீசன் முடிந்த மறுநாளே அவை அட்டவணையிலிருந்து மறைந்துவிடும். தேதியை முடிவு செய்யும் முன் அந்த மாதத்து அட்டவணையைப் பார்த்துவிடுங்கள்.

விசா

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு, ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது என்பதில்தான் புதியவர்கள் குழம்புகிறார்கள். அதிக இரவுகள் எந்த நாட்டில் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம். இரவுகள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம். ஸ்லோவேனியாவில் ஏழு இரவு, இத்தாலியில் இரண்டு இரவு என்றால், விமானம் வெனிஸில் இறங்கினாலும் விண்ணப்பம் ஸ்லோவேனியாவுக்குத்தான்.

கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 12 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு 45 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கான பயண மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குக் குறைந்தால் முடியாது. வழக்கமாக 15 நாளில் முடிவு சொல்வார்கள். சில விண்ணப்பங்கள் 45 நாள் வரை இழுக்கும். கோடைக்கு விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைப்பதே பெரும்பாடு. எனவே ஜூன் பயணத்துக்கு பிப்ரவரியிலேயே வேலையைத் தொடங்குங்கள்.

சின்ன ஊர்களுக்குப் போகிறவர்கள் கூடுதலாக ஒன்று செய்ய வேண்டும். பாரிஸ், ரோம் என்று எழுதினால் அதிகாரிக்கு விளக்கம் தேவையில்லை. போஹின்ஸ்கா பிஸ்திரிட்சா என்று எழுதும்போது, எந்த நாள் எந்த ரயிலில் போகிறீர்கள், எங்கே தங்குகிறீர்கள், அங்கே என்ன செய்யப் போகிறீர்கள் என்று ஒரு பக்கத்தில் தெளிவாக எழுதி இணையுங்கள். தங்குமிட உறுதிச்சீட்டில் உங்களோடு வருகிற அனைவரின் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கட்டும். கிராமத்து வீட்டுக்காரர்களிடம் கேட்டால் பெயர்களைச் சேர்த்துத் திருப்பி அனுப்புவார்கள். ரத்து செய்யக்கூடிய முன்பதிவாகப் பார்த்து எடுங்கள்.

இந்த முதல் விசாவை ஒழுங்காகப் பயன்படுத்துவதில் ஒரு லாபமும் உண்டு. மூன்று ஆண்டுக்குள் இரண்டு ஷெங்கன் விசா வாங்கிச் சரியாகப் பயன்படுத்திய, இந்தியாவில் வசிக்கும் இந்தியர்களுக்கு, இரண்டாண்டுப் பலமுறை நுழைவு விசா தரலாம் என்று 2024 ஏப்ரலில் விதியைத் தளர்த்தியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஐந்தாண்டு விசாவும் கிடைக்கும். எந்த விசாவில் போனாலும் 180 நாளில் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது.

போய்ச் சேருவது

இந்தியாவிலிருந்து லியுப்லியானாவுக்கு நேரடி விமானம் கிடையாது. வெனிஸ் அல்லது வியன்னாவில் இறங்குவது வசதி. வெனிஸிலிருந்து பேருந்தில் நான்கு மணி நேரத்துக்குள் லியுப்லியானா. வியன்னாவிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஆறு மணி நேரம், மலைகளுக்கு நடுவே நல்ல பாதை. முதலில் நுழையும் நாட்டில் கைரேகையும் படமும் எடுக்கும் புதிய முறை 2025 அக்டோபர் 12-ல் தொடங்கியிருக்கிறது. வரிசை நீளலாம். இறங்கிய இரண்டு மணி நேரத்தில் கிளம்பும் பேருந்துக்கு முன்பதிவு செய்துவிடாதீர்கள்.

சக்கரம் வைத்த பெரிய பெட்டி இந்தப் பயணத்துக்கு ஆகாது. கிளைப்பாதை ரயில்களிலும் நிலையங்களிலும் படி ஏறி இறங்க வேண்டியிருக்கும், போர்ட்டர் கிடையாது. முதுகுப் பை ஒன்று, அதற்குள் மழைச்சட்டை ஒன்று. கோடையிலும் மலையில் மாலையில் இடி மழை வரும்.

ரயிலும் பஸ்ஸும்

பல நாட்டு ரயில்களுக்கும் ஒரே சீட்டாக விற்கும் யூரேல் பாஸ் வேண்டாம். ஸ்லோவேனியாவின் உள்ளூர் ரயில்களுக்கு முன்பதிவு தேவையில்லை; கட்டணம் தூரத்தைப் பொறுத்தது; இன்று வாங்கினாலும் ஒரு மாதம் முன்பு வாங்கினாலும் ஒரே விலை. டிக்கெட் கவுன்டர் இருக்கும் நிலையத்தில் அங்கேயே வாங்கிவிடுங்கள். ஆளில்லாத சின்ன நிலையத்தில் ஏறினால் வண்டிக்குள் நடத்துநரிடம் வாங்கலாம்.

லியுப்லியானாவிலிருந்து யெசெனிட்சே ஒரு மணி நேரம் போல. அங்கே வண்டி மாற வேண்டும். போஹின் பாதையில் நாளுக்குச் சில வண்டிகள்தான். ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு இரண்டு மூன்று மணி நேரம் காத்திருக்க நேரலாம். பழைய பாதை என்பதால் பராமரிப்பு வேலையும் அடிக்கடி நடக்கும். அப்போது ரயிலுக்குப் பதில் பேருந்து விடுவார்கள். அது நிலைய வாசலில் நிற்கும், பிளாட்பாரத்தில் தேடிக்கொண்டிருந்தால் போய்விடும். முந்தின நாள் மாலை ஸ்லோவேனிய ரயில்வேயின் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பேருந்து அட்டவணையைப் படிப்பதற்கு இன்னும் கவனம் வேண்டும். கிராமத்துப் பேருந்துகள் பல, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக ஓடுபவை. பள்ளி நாளில் ஆறு வண்டி, விடுமுறையில் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஒன்றுகூட இல்லை என்பது சாதாரணம். அட்டவணையில் நேரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன எழுத்தோ எண்ணோ இருந்தால், அடியில் அதற்கான குறிப்பைப் படிக்காமல் அந்த வண்டியை நம்பாதீர்கள். போகிற வண்டியைப் பார்ப்பதற்கு முன் திரும்பி வரும் கடைசி வண்டியைப் பாருங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை எழுதி வைத்துக்கொள்வதென்றால் இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

போஹினில் நான்கு இரவு

வண்டி ப்ளெட் ஏரி நிலையத்தில் நிற்கும்போது பைகளோடு பலர் இறங்குவார்கள். நீங்கள் ஜன்னலோரமாக நகர்ந்து உட்காருங்கள். பாதை சாவா போஹின்கா ஆற்றை ஒட்டிக் குறுகலான பள்ளத்தாக்கில் நுழையும். கொஞ்ச நேரத்தில் போஹின்ஸ்கா பிஸ்திரிட்சா. இங்கேதான் இறங்க வேண்டும்.

ஏரி இங்கிருந்து ஆறு கிலோமீட்டர். பேருந்து உண்டு. நேரம் ஒத்துவராவிட்டால் தங்கப்போகும் வீட்டுக்காரரிடம் முன்பே சொல்லி வையுங்கள்; வந்து அழைத்துப் போகிறவர்கள் உண்டு. தங்குவதற்கு ஏரிக்கரையில் இருக்கும் ரிப்செவ் லாஸை விட, உள்ளே தள்ளியிருக்கும் ஸ்தாரா ஃபுஷினா, ஸ்துடோர் கிராமங்களையே நான் சொல்வேன். வீட்டு மாடியில் அறை விடுவது இங்கே பழைய வழக்கம். வாசலில் 'சோபெ' என்று பலகை இருந்தால் அறை இருக்கிறது என்று பொருள். பண்ணை வீடுகளில் காலை உணவாக வீட்டு வெண்ணெய், பாலாடைக்கட்டி, ரொட்டி வரும். பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் பதிவு செய்வார்கள். சட்டப்படி செய்ய வேண்டிய வேலை அது. ஆளுக்கு, இரவுக்கு என்று சிறு தொகை சுற்றுலா வரியாகத் தனியே வரும். விருந்தினர் அட்டை கிடைக்குமா என்றும் கேளுங்கள். குறைந்தது இரண்டு இரவு தங்குகிறவர்களுக்கு உள்ளூர்ப் பேருந்து போன்ற சலுகைகள் அதில் உண்டு.

போஹின், ஸ்லோவேனியாவிலேயே பெரிய நிரந்தர இயற்கை ஏரி. நாலு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிக நீளம். தென்கரையில் சாலை, வடகரையில் சாலையே கிடையாது, காட்டுக்குள் நடைபாதை மட்டும்தான். மோட்டார் படகு கூடாது, மின்சாரப் படகு மட்டும். அதனால்தான் இவ்வளவு அமைதி. ஏரியைச் சுற்றி நடக்க ஏறக்குறைய 12 கிலோமீட்டர், நிதானமாக நான்கு மணி நேரம். வடகரையில் ஆரம்பித்து மறுமுனையான உகான்ட்சுக்குப் போய், களைத்துவிட்டால் தென்கரையில் பஸ்ஸிலோ படகிலோ திரும்பலாம். இந்த ஏரிக்கும் பகல்நேரக் கூட்டம் ஆகஸ்டில் வரத்தான் செய்கிறது. காலை ஒன்பதுக்கு முன்பும் மாலை ஐந்துக்குப் பின்பும் ஏரி உங்களுடையது. அங்கேயே தங்கச் சொல்வது அதற்காகத்தான்.

மறுநாள் ஸாவிட்சா அருவி: ஐந்நூற்றுக்கும் மேல் படிகள் ஏறினால், 78 மீட்டர் உயரத்திலிருந்து பாறையைப் பிளந்துகொண்டு விழுகிறது. அதைவிட எனக்குப் பிடித்தது ஸ்தாரா ஃபுஷினாவுக்குப் பின்னால் தொடங்கும் மோஸ்த்னிட்சா ஆற்றுப் பிளவு. கல்பாலம் ஒன்றைத் தாண்டியதும் தண்ணீர் பாறையைக் குடம் குடமாகக் குடைந்து வைத்திருப்பதைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்த்தபடியே நடக்கலாம். வழிகளில் சிவப்பு வட்டத்துக்குள் வெள்ளைப் புள்ளி வரைந்திருக்கும். மலையேற்றப் பாதைகளுக்கான குறி அது. புள்ளி கண்ணில் படாமல் வெகுதூரம் நடந்திருந்தால், கடைசியாகப் பார்த்த புள்ளிக்குத் திரும்பிப் போங்கள். அவசர எண் 112.

ஸ்துடோரில் ஊரோரமாக வரிசையாக நிற்கும் வைக்கோல் உலர்த்தும் மரக்கூடாரங்களைப் பாருங்கள். இரட்டைச் சட்டம், மேலே கூரை, குறுக்கே கம்புகள். மழை ஓயாத மலையில் புல்லைத் தரையில் போட்டுக் காய வைக்க முடியாது என்பதால் வந்த கட்டமைப்பு. சுற்றியிருக்கும் பசும்புல் வெளிகள் பூங்கா இல்லை. மாடுகளுக்குக் குளிர்காலத் தீவனம் அவை. படம் எடுக்க அதற்குள் இறங்கி மிதிக்காதீர்கள். எதிரே வருகிறவர்களுக்கு 'தோபர் தான்' என்று வணக்கம் சொல்லுங்கள். மலைப்பாதையில் எல்லோரும் சொல்வார்கள்.

சாப்பாடு, ஞாயிற்றுக்கிழமை

2020 இறுதியில் வந்த சட்டத்தால் ஸ்லோவேனியாவில் பெரும்பாலான கடைகள் ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும். பெட்ரோல் பங்க் கடை போன்ற சில மட்டும் விதிவிலக்கு. சனிக்கிழமையே ரொட்டி, பழம், தயிர் வாங்கி வைத்துவிடுங்கள். கிராமத்து உணவகங்களில் இரவு ஒன்பதுக்கெல்லாம் அடுப்பு அணைந்துவிடும்.

சைவக்காரர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை, ஆனால் விசாரித்துச் சாப்பிட வேண்டும். மரக்கோதுமை (பக்வீட்) மாவில் கிண்டிய 'ஆய்தோவி ஷ்கான்ட்சி' நம் களிக்கு உறவுக்காரன் போலவே இருக்கும். மேலே பன்றிக்கொழுப்பு வறுவல் தூவித் தருவது வழக்கம் என்பதால் ஆர்டர் கொடுக்கும்போதே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பீன்ஸும் புளித்த முட்டைக்கோஸும் சேர்ந்த 'யோதா' சூப்பில் பெரும்பாலும் புகையூட்டிய இறைச்சி கிடக்கும். 'ப்ரெஸ் மெஸா' என்றால் இறைச்சி இல்லாமல் என்று அர்த்தம். இதைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாலாடைக்கட்டியோ வால்நட்டோ வைத்துச் சுருட்டிய 'ஷ்த்ருக்ளி', சோச்சா பக்கத்தில் உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் சேர்த்து மொறுமொறுவென்று பொரிக்கும் 'ஃப்ரிகா' இரண்டும் பெரும்பாலும் நம்பிச் சாப்பிடலாம். ஃப்ரிகாவில் சில வீடுகளில் பன்றி இறைச்சி சேர்ப்பதுண்டு என்பதால் அதிலும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

மலைக்கு அந்தப் பக்கம்

ஐந்தாம் நாள் மீண்டும் போஹின்ஸ்கா பிஸ்திரிட்சா நிலையம். வண்டி கிளம்பியதுமே ஆறு கிலோமீட்டருக்கும் நீளமான சுரங்கத்தில் நுழையும். இந்தப் பக்கத்துத் தண்ணீர் டான்யூபில் சேர்ந்து கருங்கடலுக்குப் போகிறது. சுரங்கம் முடிந்து போத்பர்தோவில் வெளியே வந்தால், அங்கே ஓடும் தண்ணீர் அட்ரியாடிக் கடலுக்குப் போகிறது.

மோஸ்ட் நா சோச்சியில் இறங்கி, பஸ்ஸில் டோல்மின் வழியாகக் கோபாரிட். சோச்சா நதியின் நிறத்தைப் படத்தில் பார்த்தவர்கள் மெருகேற்றியது என்று நினைப்பார்கள். சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே அது உண்மையாகவே மரகதப் பச்சையில்தான் ஓடுகிறது. இந்த அழகான கரையில்தான் முதல் உலகப் போரின்போது, 1915 முதல் 1917 வரை, இத்தாலியும் ஆஸ்திரிய-ஹங்கேரியும் பன்னிரண்டு முறை மோதின. கோபாரிட் அருங்காட்சியகம் அந்தப் போரை, வென்றவர் தோற்றவர் என்று பிரிக்காமல் பனியிலும் பாறையிலும் கிடந்த சிப்பாய்களின் பக்கமிருந்து சொல்கிறது. 1993-ல் ஐரோப்பிய கவுன்சிலின் அருங்காட்சியகப் பரிசு பெற்றது. இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள். அதன்பிறகு நெப்போலியன் பாலத்தைத் தாண்டி ஆற்றோரமாகக் கோஸ்யாக் அருவிக்கு நடந்தால், வழியெங்கும் தென்படும் பதுங்குகுழிகள் என்னவென்று புரியும்.

கால் வலுவுள்ளவர்கள் டோல்மினிலிருந்து மலையேறி யாவோர்ட்சா தேவாலயத்துக்குப் போய்வர வேண்டும். 1916-ல் ஆஸ்திரிய-ஹங்கேரியச் சிப்பாய்கள் இறந்த தோழர்களுக்காகக் கட்டியது. உள்ளே சுவர்ப் பலகைகள் வெடிமருந்துப் பெட்டிகளின் மரம். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்களை அந்த மரத்தில் சுட்டுப் பதித்திருக்கிறார்கள். வரிசை வரிசையாக எல்லா மொழிப் பெயர்களும் இருக்கின்றன. நான் பார்த்த எந்தப் பெரிய கதீட்ரலும் என்னை இவ்வளவு அசைத்ததில்லை. எல்லா நாளும் திறப்பதில்லை; டோல்மின் தகவல் மையத்தில் கேட்டுக்கொண்டு ஏறுங்கள்.

எல்லை ஊர்

கடைசியாக நோவா கோரிட்சா. ஊருக்குள் நுழையும் முன் வண்டி கடக்கும் சோல்கான் பாலம், கல்வளைவு ரயில் பாலங்களில் உலகிலேயே அகலமான வளைவு கொண்டது: 85 மீட்டர். ரயிலுக்குள்ளிருந்து வளைவு தெரியாது. பையை வைத்துவிட்டு ஆற்றோரப் பாதையில் நடந்து வந்து பாருங்கள்.

1947-ல் போட்ட எல்லைக்கோட்டில் பழைய கோரிட்சியா நகரம் இத்தாலிக்குப் போனது, இந்தப் பாதையின் ரயில் நிலையம், ஸ்லோவேனியா அப்போது சேர்ந்திருந்த யுகோஸ்லாவியாவுக்கு வந்தது. நகரத்தை இழந்தவர்கள் பக்கத்திலேயே புதிதாக ஒன்றைக் கட்டிக்கொண்டார்கள்; அதுதான் நோவா கோரிட்சா. நிலையத்து வாசலில் இருக்கும் சதுக்கத்தின் குறுக்கேதான் எல்லை. அங்கிருந்த வேலியை 2004-ல் எடுத்துவிட்டார்கள்; இப்போது தரையில் ஒரு குறி மட்டும். ஆனால் 2023 அக்டோபரிலிருந்து இத்தாலி இந்த எல்லையில் மறுபடி சோதனை வைத்திருக்கிறது. காபி குடிக்க அந்தப் பக்கம் போனாலும் பாஸ்போர்ட் சட்டைப்பையில் இருக்கட்டும். கோரிட்சியா நிலையத்திலிருந்து இத்தாலிய ரயிலில் வெனிஸின் மெஸ்த்ரேவுக்குப் போய், அங்கிருந்து விமான நிலையப் பேருந்து பிடிக்கலாம். இத்தாலியில் காகித டிக்கெட்டை ஏறும் முன் இயந்திரத்தில் முத்திரையிட வேண்டும், இல்லாவிட்டால் அபராதம்.

இதே முறையில் வேறு பாதைகள்

ஆஸ்திரியாவில் ஹால்ஷ்டாட் கிராமத்துக்கான நிலையத்தில் எல்லோரும் இறங்குவார்கள். அதே வண்டியில் தொடர்ந்தால் பாட் ஆஸே. செக் நாட்டில் செஸ்கி க்ரும்லோவைத் தாண்டி அதே கிளைப்பாதையில் போனால், ஷுமாவா காடுகளின் ஓரத்தில் லிப்னோ நீர்த்தேக்கக் கரையில் ஹோர்னி ப்ளானா. அங்கே யூரோ செல்லாது, கொருனா வேண்டும். போர்ச்சுகலில் போர்ட்டோவிலிருந்து டோரோ நதியோரமாகப் போகும் ரயிலில் பலரும் பின்யாவுன் வரை போய்த் திரும்பிவிடுகிறார்கள். கடைசி நிலையம் போசின்யோ. அங்கிருந்து டாக்சியில் சிறிது தூரத்தில் ஃபோஸ் கோவா. பழங்கற்கால மனிதர்கள் ஆற்றோரப் பாறைகளில் செதுக்கிய குதிரைகளையும் காட்டெருதுகளையும் அங்கே திறந்தவெளியிலேயே பார்க்கலாம்; 1998-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். பாறைகள் இருக்கும் இடத்துக்கு வழிகாட்டியோடுதான் விடுவார்கள், அவர்கள் அழைத்துப் போகும் வண்டியில் இடமும் குறைவு. ரயில் டிக்கெட்டுக்கு அவசரமில்லை. இதற்கு மட்டும் சில வாரம் முன்பே பதிவு செய்துவிடுங்கள்.